பரிசுப் புத்தகம் ஒன்றின் வரலாறு

பரிசு கொடுத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. பாடிவந்த பாணருக்குப் பொற்றாமரைப் பூவும், புலவருக்குத் தேரும் யானையும் வழங்கிய வள்ளல்களின் கதையைப் பள்ளிப் பாடத்திலேயே நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயினும் புத்தகத்தையே பரிசாக வழங்கும் பழக்கம் பெருவாரியாகப் பரவியது அச்சுப்பொறி வந்த பின்னரே. கையால் படியெடுத்த காலத்தில் ஒரு நூலுக்கு இன்னொரு படி உண்டாகப் பல நாட்கள் ஆயின. அத்தகைய அரும்பொருளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் வாரி வழங்குவது இயலாத செயல். அச்சு வந்தது, நூல் மலிந்தது, மலிந்ததனால் அது பரிசுப் பொருளும் ஆயிற்று.

ஆனால், யாருக்கு எந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பது? ஐந்து வயதுக் குழந்தைக்குப் படப் புத்தகம் கொடுத்தால் போதும். ஐம்பது வயதினருக்கு அவர் விரும்புவது எது என்று கேட்டே கொடுத்துவிடலாம். இடர்ப்பாடெல்லாம் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள வயதினர் திறத்திலேதான். அவர்கள் சிறுவர்களும் அல்லர், பெரியவர்களும் அல்லர். சிறுவர் நூலைக் கொடுத்தால் தம்மை இழிவாக எண்ணிவிட்டார்கள் என்று முகம் சுளிப்பார்கள். பெரியவர் நூலைக் கொடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுவார்கள். அறிவுரை நூலைக் கொடுத்தாலோ, நம்மைத் திருத்துவதற்கென்றே இதைக் கொடுத்தார்கள் என்று உடனே கண்டுகொள்வார்கள். இந்த வயதிற்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் கலையைப் பற்றிப் பொதுப்படச் சொல்வதை விட, உண்மையாக நிகழ்ந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம். இது 1904-ல் தொடங்கி 1934 வரை, முப்பது ஆண்டுகளும் மூன்று நாடுகளும் தொட்டுச் செல்லும் வரலாறு. இதில் ஒரு புத்தகப் பரிசு இன்னொரு புத்தகத்தை ஈன்றது. அது மற்றொருவருக்குப் பரிசாகியது. அவரோ பின்னாளில் தம் மகளுக்குப் பரிசளிக்கப் புதியதொரு புத்தகத்தையே எழுதினார்.

முதலில் பரிசுப் புத்தகம் என்ற வழக்கம் பிறந்த இடத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1698-ல் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. தரங்கம்பாடியில் இருந்த சமயத் தொண்டர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுப்பொறி அனுப்பி உதவியதும் இதே சங்கந்தான். 1799-ல் சமயச் சிறுநூற் சங்கம் ஒன்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் ஒழுங்காக வரும் பிள்ளைகளுக்கும், மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கும் சிறு நூல்களைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கத்தை இத்தகைய சங்கங்கள் வளர்த்தன. சமய நோக்கமின்றி வாணிக நோக்கோடும் சிலர் இத்துறையில் இறங்கினர். லண்டனில் ஜான் நியூபெரி என்ற புத்தக வணிகர் 1744-ல் சிறுவர்க்கென ஓர் அழகிய கைப்புத்தகம் வெளியிட்டார். அதனுடன் சிறுவனுக்கு ஒரு பந்தும் சிறுமிக்கு ஒரு குண்டூசித் திண்டும் சேர்த்து விற்றார். அவற்றின் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்புப் பக்கத்திலும், தீயது செய்தால் கறுப்புப் பக்கத்திலும் ஊசி குத்த வேண்டும் என்பது ஏற்பாடு. புத்தகமும் விளையாட்டும் நன்னடத்தைக் கணக்கும் ஒன்றாகக் கட்டி விற்கப்பட்டன!

இங்கிலாந்தில் 1870-ல் கல்விச் சட்டம் நிறைவேறிய பின் பள்ளிகள் பெருகின. பரிசு விழாக்களும் பெருகின. பதிப்பாளர்கள் பரிசுக்கென்றே வரிசை வரிசையாக நூல்களை அச்சிட்டார்கள். மேலட்டையில் பொன் எழுத்து, ஓரத்தில் பொன் பூச்சு, உள்ளே ஒரு நீதிக்கதை. இதுவே அவற்றின் பொது இலக்கணம். விலையையும் அட்டையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூல்கள் அலமாரியில் அழகு செய்தன. அவற்றுள் எத்தனை திறந்து படிக்கப்பட்டன என்பது வேறு கேள்வி.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். 1904-ல் ஜார்ஜ் மெக்காலே டிரெவெல்யன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியருக்குத் திருமணம் நடந்தது. இவருடைய குடும்பம் நம் நாட்டோடு தொடர்புடையது. இவருடைய பாட்டனார் சர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-60-ல் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். ஆங்கிலக் கல்வியை இந்தியாவில் புகுத்தும்படி 1835-ல் குறிப்பு எழுதிய மெக்காலே பிரபு, அந்தப் பாட்டனாருக்கு மைத்துனர். திருமணத்தின்போது பெர்னார்டு பேர்ஸ் என்ற நண்பர் டிரெவெல்யனுக்குச் சில புத்தகங்களைப் பரிசளித்தார். இத்தாலிய விடுதலை வீரர் காரிபால்டி எழுதிய தன்வரலாறும், 1849-ல் அவர் ரோமாபுரியிலிருந்து பின்வாங்கிச் சென்ற கதையைக் கூறும் நூலும் அவற்றுள் இருந்தன. சிறிது காலம் கழித்து டிரெவெல்யன் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். புரட்டியவர் விடவில்லை. நடைப் பயணத்தில் பெருவிருப்பமுடைய அவர், காரிபால்டி பின்வாங்கிச் சென்ற மலைவழிகளில் தாமே நடந்து பார்த்தார். அதன் பயனாக 1907-ல் ரோமானியக் குடியரசைக் காரிபால்டி காத்துநின்ற வரலாறு நூலாக வெளிவந்தது. 1909-லும் 1911-லும் அடுத்த இரண்டு பாகங்கள் வெளிவந்தன.

முதற் பாகம் வெளிவந்த ஆண்டில், லண்டனுக்கு அருகிலுள்ள ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளியில் ஜவஹர்லால் நேரு படித்துக்கொண்டிருந்தார். அவர் 1889 நவம்பர் 14 அன்று அலகாபாத்தில் பிறந்தவர். 1905 மே மாதத்தில் பதினைந்து வயதுப் பையனாக இங்கிலாந்தில் வந்திறங்கியவர். டோவர் துறைமுகத்திலிருந்து லண்டனுக்கு ரயிலில் சென்றபோது, சுஷிமாக் கடற்போரில் ரஷ்யாவை ஜப்பான் வென்ற செய்தியைப் பத்திரிகையில் படித்ததாக அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசை வென்றது என்ற செய்தி அந்த இளைஞனின் உள்ளத்தில் என்ன எழுச்சியை உண்டாக்கியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அவர் முன்னரே புத்தகப் பிரியர். பதினொரு வயதில் அவருக்குப் பாடஞ்சொல்ல வந்த பெர்டினாண்டு புரூக்ஸ் என்ற ஆசிரியர் அவருக்கு வாசிப்பில் சுவையூட்டினார். வட துருவத்தை நாடிச் சென்ற நான்சென் எழுதிய பயண நூல், கிப்ளிங்கின் காட்டுக் கதைகள், ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகள், டிக்கன்ஸ், மார்க் ட்வெய்ன் என்று பலவும் அவர் கையில் புரண்டன. சிரிப்பும் வீரமும் மர்மமும் கலந்த இந்தப் பட்டியலில் அறிவுரை நூல் ஒன்றும் தென்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஹாரோ பள்ளியில் அவருக்கு அரசியலிலும் வெளியுலகிலும் நாட்டம் மிகுந்திருந்தது. இங்கிலாந்தில் புதிய மந்திரிசபை அமைந்தபோது, வகுப்பாசிரியர் அதுபற்றி மாணவர்களைக் கேட்டார். புதிய மந்திரிகளின் பெயர்ப் பட்டியலை ஏறக்குறைய முழுமையாகச் சொல்லக்கூடியவராக அந்த வகுப்பில் இருந்தவர் இந்த இந்திய மாணவர் ஒருவரே. இத்தகைய மாணவருக்கு நன்றாகப் படித்ததற்கான பரிசாக டிரெவெல்யன் எழுதிய காரிபால்டி நூல்களில் ஒன்று கிடைத்தது. அந்த நூல் தம்மைக் கவர்ந்த வகையை நேரு தம் தன்வரலாற்றில் சுருக்கமாகவே சொல்கிறார். மற்ற இரு பாகங்களையும் தேடிப் பெற்றுக் காரிபால்டியின் வரலாற்றை முழுவதும் கவனமாகப் படித்தாராம். இந்தியாவிலும் அத்தகைய விடுதலைப் போர் நிகழ்வதாகக் கனவு கண்டாராம். இந்தியாவும் இத்தாலியும் அவர் உள்ளத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டனவாம்.

இந்த இடத்தில் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. நேரு ஹாரோவை விட்டுக் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குச் சென்றது 1907-ல். அந்த ஆண்டில் வெளிவந்திருந்தது முதற் பாகம் மட்டுமே. ஆகவே பள்ளியில் அவர் பெற்ற பரிசு முதற் பாகமாகத்தான் இருக்க முடியும். இரண்டாம் பாகம் வெளிவந்தபோது அவர் கல்லூரி மாணவர். மூன்றாம் பாகம் வெளிவந்தபோது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அதாவது பதினேழு வயதில் தொடங்கிய ஒரு கதையின் முடிவை அவர் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே படித்திருக்க வேண்டும். அந்த முதற் பாகமும் வெற்றியின் கதையன்று. 1849-ல் ரோமாபுரியில் எழுந்த குடியரசைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. காரிபால்டியும் தொண்டர்களும் மதில்களில் நின்று போரிட்டுத் தோற்றார்கள். மலைவழியே தப்பிச் சென்ற அந்தப் பயணத்தில் அவருடைய மனைவி அனிதா உயிர்நீத்தார். 1860 மே மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் செஞ்சட்டை வீரர்களுடன் கப்பலேறிச் சிசிலித் தீவில் இறங்கியதும், செப்டம்பரில் நேப்பிள்ஸ் நகருக்குள் நுழைந்ததும், பின்பு பெற்ற நாட்டையெல்லாம் அரசனிடம் ஒப்புவித்துவிட்டுக் கப்ரேரா என்ற சிறு தீவுக்குச் சென்றதும் அடுத்த பாகங்களில் வருகின்றன. அடிமை நாட்டிலிருந்து வந்த மாணவன் கையில் முதலில் கிடைத்தது தோல்வியின் வரலாறு. தோற்ற பின்பும் ஒரு நாடு எழுந்தது எவ்வாறு என்று அறியும் வேட்கையே அடுத்த பாகங்களைத் தேடத் தூண்டியது என்று சொல்வதில் தவறில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஹாரோ பள்ளி ஆங்கிலப் பேரரசை ஆளப் போகிறவர்களை உருவாக்கிய பள்ளி. வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே படித்தவர். ஸ்டான்லி பால்டுவினும் அங்கே படித்தவர். நூலாசிரியர் டிரெவெல்யனும் அதே பள்ளியின் பழைய மாணவரே. ஆஸ்திரிய ஆட்சிக்கும் பிரெஞ்சுப் படைக்கும் எதிராக இத்தாலியர் போராடிய வரலாற்றை ஆங்கிலேயர் மனமுவந்து போற்றினார்கள். அதே வரலாற்றை ஓர் இந்திய மாணவன் படித்தால் அவன் கண்ணுக்கு ஆஸ்திரியாவின் இடத்தில் யார் தெரிவார்கள் என்று பரிசு கொடுத்த பள்ளி எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. புத்தகப் பரிசில் உள்ள புதுமை இதுதான். கடிகாரத்தைப் பரிசளித்தால் அது யார் கையிலும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். புத்தகம் அவ்வாறன்று, கையில் வாங்கியவரின் நிலைக்கேற்ப அது வேறு வேறு செய்தி சொல்லும்.

இருபத்து மூன்று ஆண்டுகள் உருண்டோடின. 1930 உப்புச் சத்தியாக்கிரக ஆண்டு. ஏப்ரலில் சிறை சென்ற நேரு அக்டோபர் 11 அன்று விடுதலையானார். எட்டே நாட்களில் மறுபடியும் கைது செய்யப்பட்டார். அலகாபாத்திற்கு அருகிலுள்ள நைனி மத்திய சிறையில் அவர் அடைபட்டிருந்தபோது அக்டோபர் 26 வந்தது. இந்திய நாட்காட்டிப்படி அது அவருடைய ஒரே மகள் இந்திரா பிரியதர்சினியின் பதின்மூன்றாம் பிறந்தநாள். ஆங்கில நாட்காட்டிப்படி இந்திராவின் பிறந்தநாள் நவம்பர் 19.

செல்வர் வீட்டுப் பேர்த்தி அந்தச் சிறுமி. வழக்கமான ஆண்டாயின் பரிசுகள் வந்து குவிந்திருக்கும். இப்போது தந்தை சிறையில். தாய் கமலாவோ உடல்நலம் குன்றியிருந்தும் போராட்டத்தில் ஈடுபட்டிருந்தார். சிறுமியும் சும்மா இருக்கவில்லை. அலகாபாத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வானர சேனை என்ற பெயரில் காங்கிரஸ் தொண்டு செய்துகொண்டிருந்தாள். சிறையிலிருக்கும் தந்தை அவளுக்கு என்ன பரிசு கொடுக்க முடியும்? கடைக்குச் செல்ல வழியில்லை, கையில் பொருளில்லை. சிறைச் சுவர் தடுக்க முடியாத பொருளாக, உள்ளத்தாலும் எண்ணத்தாலும் ஆன பரிசு ஒன்றையே தர இயலும் என்று கருதி அவர் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்.

அந்த முதற் கடிதத்தை ஊன்றிப் படித்தால், இளம் வயதினர்க்குப் பரிசு தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். முதலாவதாக, தமக்கு உபதேசம் செய்வதில் விருப்பமில்லை என்று அவர் தெளிவாக்குகிறார். அதற்கு ஒரு கதையும் சொல்கிறார். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்த கதை அது. தென்னாட்டிலிருந்து கர்ணசுவர்ணம் என்ற நகருக்கு ஒருவன் வந்தான். வயிற்றைச் சுற்றிச் செப்புத் தகடு கட்டியிருந்தான். தலைமேல் எரியும் விளக்கு ஒன்றைச் சுமந்திருந்தான். இது என்ன கோலம் என்று கேட்டவர்களுக்கு அவன் சொன்ன விடை: என் வயிற்றில் ஞானம் நிரம்பியிருப்பதால் அது வெடித்துவிடாதபடி தகடு கட்டியிருக்கிறேன், இருளில் வாழும் உங்கள்மேல் இரக்கம் கொண்டு விளக்கைச் சுமக்கிறேன் என்றானாம்! தம்மிடம் வெடித்துவிடும் அளவுக்கு ஞானம் இல்லை. ஆகவே செப்புத் தகடும் வேண்டியதில்லை என்கிறார் நேரு. பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் பெரியவர்கள் பலர் தலையில் அந்த விளக்கோடுதான் வருகிறார்கள். பதின்மூன்று வயதுப் பெண் அதைப் பார்த்தவுடனே கதவைச் சாத்திவிடுவாள் என்று தந்தைக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவதாக, மகளின் உள்ளத்தில் ஏற்கனவே எது இடம் பெற்றிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். ஜோன் ஆப் ஆர்க் என்ற பிரெஞ்சு வீரப் பெண்ணின் கதையை முதலில் படித்தபோது தானும் அவளைப் போல் ஆக வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டதை நினைவூட்டுகிறார். அவளுடைய அந்த ஆசையிலிருந்தே உலக வரலாற்றுக்கு வழி திறக்கிறார். தமக்குப் பிடித்த காரிபால்டியை முன்னே கொண்டுவந்து நிறுத்தவில்லை. காரிபால்டியும் இத்தாலிய விடுதலையும் பின்னால், தமக்குரிய காலத்தில், வரிசையாக வருகின்றன.

மூன்றாவதாக, அவர் வயதுக்கு ஏற்பக் கொடுப்பதை அறிந்திருந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1928 கோடையில், பத்து வயது இந்திரா முசூரி மலையில் இருந்தபோது அவர் முப்பது கடிதங்கள் எழுதியிருந்தார். பூமி தோன்றியது, உயிர்கள் தோன்றியது, மொழிகள் பிரிந்தது என்பனவற்றைக் கதைபோல எளிமையாக அவற்றில் கூறினார். அவை 1929-ல் நூலாக வெளிவந்தன. பதின்மூன்று வயதில் அதே நடையைத் தொடரவில்லை. பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும், புரட்சிகளின் காரணங்கள், பொருளாதார நெருக்கடி, தொழிலாளர் இயக்கம் என்று பெரியவர்களே எண்ணி எண்ணிப் படிக்கும் பொருள்களையும் எழுதினார். மகளின் வயதுக்குச் சற்று மேலேயே எழுதினார் என்று சொல்லலாம். இளைஞர்கள் எட்டிப் பிடிப்பதற்குச் சிறிது உயரத்தில் வைத்த பழத்தையே விரும்புவார்கள். தரையில் கிடப்பதை மதிப்பதில்லை.

1931 புத்தாண்டு நாளில் இரண்டாவது கடிதத்தைப் புத்தாண்டுப் பரிசாக எழுதினார். அதே நாளில் கமலா கைது செய்யப்பட்டார். ஜனவரி 26 அன்று நேரு விடுதலையானார். பிப்ரவரி 6 அன்று அவருடைய தந்தை மோதிலால் நேரு காலமானார். ஏப்ரலில் ஓய்வுக்காக மனைவி மகளோடு இலங்கைக்குக் கப்பலில் சென்றபோதும் ஒரு கடிதம் எழுதினார். பின்பு எழுதும் வாய்ப்பு இல்லை. 1931 டிசம்பர் இறுதியில் மறுபடியும் சிறை. பரேலி, டேராடூன் சிறைகளில் இருந்துகொண்டு மீண்டும் தொடங்கி, 1933 ஆகஸ்டு 9 அன்று கடைசிக் கடிதத்தை முடித்தார். மொத்தம் 196 கடிதங்கள். எழுதியவை உடனுக்குடன் மகள் கைக்குப் போய்ச் சேரவில்லை, சிறையிலேயே குவிந்தன. பரிசு பெறுபவள் பூனாவில் பள்ளி மாணவியாக வளர்ந்துகொண்டிருக்க, பரிசு சிறையில் வளர்ந்துகொண்டிருந்தது.

சிறையில் நூலகம் இல்லை. பல ஆண்டுகளாகப் படித்த நூல்களிலிருந்து குறிப்பெடுத்து வைத்திருந்த ஏடுகளே அவருக்குத் துணை. 1920-ல் வெளிவந்த எச். ஜி. வெல்ஸ் என்பவரின் உலக வரலாற்றுச் சுருக்கம் தமக்குப் பெரிதும் உதவியது என்று அவரே நன்றியோடு குறிப்பிடுகிறார். ஆனால் மேனாட்டு ஆசிரியர் பலருடைய உலக வரலாறுகளில் ஆசியாவுக்கு ஒதுக்குப்புறமே கிடைத்தது. நேருவின் கடிதங்களில் சீனமும் பாரசீகமும் அரபு நாடும் நடு வீட்டில் அமர்ந்திருக்கின்றன. தென்னிந்தியர் கடல் கடந்து சென்று குடியேறிய வரலாற்றுக்கும், அங்கோர் நகருக்கும், ஸ்ரீவிஜயப் பேரரசுக்கும் அங்கே தனி இடம் உண்டு. 1934-ல் அலகாபாத்தில் இரண்டு பாகங்களாக இக்கடிதங்கள் நூலாயின. 1939-ல் லண்டனில் திருந்திய பதிப்பு வந்தபோது ஹாரபின் என்ற ஓவியர் வரைந்த நிலப்படங்கள் சேர்ந்தன. வெல்ஸின் வரலாற்று நூலுக்குப் படம் வரைந்தவரும் அவரே. அந்த நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

குறைகள் இல்லாத நூல் அன்று அது. ஆவணங்களை ஆராய்ந்து எழுதிய வரலாறு என்று அதைக் கொள்ளலாகாது. தாம் வரலாற்றாசிரியர் அல்லர் என்பதை ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். பிற்கால ஆராய்ச்சி மாற்றிவிட்ட செய்திகளும் அதில் உண்டு. வரலாறு பயிலும் கல்லூரி மாணவர்கள் அதைச் சான்று நூலாகக் கொள்ளாமல், ஒரு தந்தை தம் மகளுக்கு உலகைக் காட்டிய முறைக்குச் சான்றாகக் கொண்டால் அதன் பெருமை குறையாது.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டால், நல்ல புத்தகம் கொடுத்தால் நல்ல தலைவர் உண்டாவார் என்ற எளிய முடிவுக்கு நாம் வந்துவிடுவோம். வரலாறு அத்தனை எளிதானதன்று. மக்கள் கொடுங்கோன்மையை எதிர்த்து எழுந்த கதைகளைப் பதின்மூன்று வயதிலிருந்து பரிசாகப் பெற்ற இந்திரா, 1966-ல் நாட்டின் பிரதமரானார். 1975 ஜூன் 25 அன்று அவருடைய ஆட்சியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1977 மார்ச் வரை அந்த நிலை நீடித்தது. சிறையிலிருந்து எழுதப்பட்ட அந்தக் கடிதங்களைப் பெற்றவரின் ஆட்சியிலே, பல வீட்டுப் பிள்ளைகள் சிறையிலிருந்த தந்தையரின் கடிதத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 1964-ல் மறைந்த தந்தை இதைக் காண இல்லை. இதை யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. ஹாரோ பள்ளி கொடுத்த நூல் பள்ளி எண்ணாத பயனைத் தந்தது; நைனிச் சிறையிலிருந்து வந்த நூலும் தந்தை எண்ணியதை மட்டுமே தரவில்லை. புத்தகம் ஒருவருக்கு வழியைக் காட்டும். வழிநடப்பது அவரவர் பொறுப்பு. பரிசு கொடுப்பவர் இதை உணர்ந்திருந்தால், படித்தாயா, அதன்படி நடந்தாயா என்று நாள்தோறும் கணக்குக் கேட்க மாட்டார்.

அப்படியானால் புத்தகத்தை ஏன் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏதேனும் ஒன்றைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். விளைவு நம் கையில் இல்லை என்பதால் விதையைப் பாராமல் விதைப்பார் உண்டோ? பேர்ஸ் என்ற நண்பர் திருமணத்திற்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் டிரெவெல்யனின் மூன்று நூல்கள் தோன்றியிருக்குமோ என்பது ஐயமே. ஹாரோ பள்ளி பொன்னோரம் பூசிய நீதிநூல் ஒன்றைக் கொடுத்திருந்தால் அந்த இந்திய மாணவர் அதைப் பெட்டியில் வைத்து மறந்திருக்கக்கூடும். இந்த வரலாற்றில் வருகிற பரிசுகளுள் இரண்டை நோக்குங்கள். நண்பர் பேர்ஸ் தாமும் வரலாறு பயின்றவர். பின்னாளில் ரஷ்ய வரலாற்றறிஞராகப் புகழ்பெற்றவர். தந்தை நேருவோ தாம் படித்துக் குறிப்பெடுத்துச் சிந்தித்தவற்றையே மகளுக்குக் கொடுத்தார். புத்தகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் கொடுத்த பரிசுகள் இவை.

நம் பள்ளிகளிலும் ஆண்டு விழாக்கள் நடைபெறுகின்றன. மேடையில் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் சோற்றுப் பாத்திரமும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வீட்டுக்கு உதவும் பொருள்களே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஓட்டப் பந்தயத்தில் வென்றவனுக்கும் ஓவியத்தில் வென்றவளுக்கும் அதே தட்டுத்தான் கிடைக்கிறது. புத்தகம் கொடுக்கும் பள்ளிகளிலும் மொத்தமாக ஒரே நூலில் ஐம்பது படிகள் வாங்கிக் கொடுத்துவிடுவது உண்டு. ஒவ்வொரு மாணவனையும் நினைத்து ஒவ்வொரு நூல் தேர்ந்தெடுப்பது கடினந்தான். அவ்வாறு தேர்ந்தெடுக்க முடியாதபோது, பரிசு பெறும் மாணவரையே புத்தகக் கடைக்கு அழைத்துச் சென்று, இந்த விலைக்குள் நீ விரும்புவதை எடுத்துக்கொள் என்று சொல்வதும் ஒரு நல்ல வழி.

மாணவ நண்பர்களே, இதுவரை பரிசு பெறுகிறவர்களாகவே உங்களை எண்ணிப் பேசினேன். நீங்களும் பரிசு கொடுக்கிறவர்களே. தம்பிக்கும் தங்கைக்கும் தோழர்க்கும் பிறந்தநாள் வருகிறது. கையில் இருப்பது சிறு தொகை. கடைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுக்கப்போகும் நூலை நான் படித்திருக்கிறேனா? அவன் ஏற்கனவே எதைப் பற்றிப் பேசினால் கண்கள் மலர்கின்றன என்று எனக்குத் தெரியுமா? இதை அவன் மகிழ்வதற்காகக் கொடுக்கிறேனா, அவனைத் திருத்துவதற்காகக் கொடுக்கிறேனா? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் புத்தகத்தை வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் நாளையும் எழுதிக் கொடுங்கள். அந்த நூலுக்கு அடுத்த பாகம் ஒன்று இருக்குமானால் மிகவும் நல்லது. அதை அவனே தேடிச் செல்லட்டும்.